மூச்சு முட்டிய கார்

அத்தியாயம் ஆறு

"உங்க புருஷன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறார். என் கொழுந்தன் வாயை மூடவே மாட்டேங்கறான். ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலந்து ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக் குடுத்தா என் வேலை சுலபமாயிடும்" என்றாள் அண்ணி.

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து கடையிலிருந்து ஓடி வந்திருந்தாள். அதன் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தாள்.

அண்ணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைச் சோதித்தவள். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, துப்பறியும் அலுவலகம் என்று ஒரு போர்டு மாட்டினாள். கூட உதவிக்கு வந்த கணவனின் தம்பி "அண்ணி, அண்ணி" என்று இடைவிடாமல் கூப்பிட்டதில், உதவி கேட்டு வருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகி, கடைசியில் போலீஸ்காரர்களுக்கும் அண்ணியாகிப் போனாள். அந்தக் கொழுந்தனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் ஓட்டைவாய். ரகசியம் காக்கும் தொழிலில் அப்படி ஒரு பெயரோடு பிழைப்பு நடத்துகிறவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க அண்ணி. அங்க போய் நான்தான் இடிச்சேன்னு ஒப்புத்துக்கப் போறாராம். அவர் இடிக்கலை. வெள்ளிக்கிழமை மத்தியானமே காய்ச்சல்னு வீட்டுக்கு வந்துட்டார். மாத்திரை குடுத்துப் போர்த்தி விட்டது நான். ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு சிரிச்சாங்க."

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரம், புறவழிச் சாலையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் போன ஒரு நர்ஸைப் பின்னாலிருந்து வந்த கார் இடித்துத் தள்ளியது. நிற்காமல் போய்விட்டது. நர்ஸ் இன்னும் கண் விழிக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்த ஒருவர் காரைப் பார்த்திருக்கிறார். நம்பர் நினைவில்லை. ஆனால் முன்பக்க நம்பர் பிளேட் நடுவில் இல்லாமல் இடது விளக்குக்குக் கீழே ஓரமாக இருந்தது என்று அடித்துச் சொன்னார். அப்படி ஒரு கார், இவள் கணவனான மெக்கானிக்கின் ஷெட்டில், விளக்கு உடைந்து நின்றது. காரின் சொந்தக்காரர் அந்த நேரம் விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். ஷெட் சாவி மெக்கானிக்கிடம். போலீஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"நம்பர் பிளேட்டை எதுக்கு ஓரமாத் தள்ளினார்? அதுக்கு என்ன வெட்கமா?" என்றான் ஓட்டைவாய்.

"முன்னாடி பெரிய இன்டர்கூலர் வைக்கிறதுக்காக. பிளேட் நடுவுல இருந்தா அதுக்குக் காத்து போகாதாம். சாமான் எல்லாம் எங்க அண்ணன் கடையில வாங்கினது. ஷெட்டும் அண்ணன் கடைக்குப் பின்னாடிதான்." அண்ணன் என்று சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தைரியமானது. "அப்பா அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவர். இவரை எனக்குப் பார்த்துக் கட்டி வெச்சதும் அவர்தான்."

அண்ணி எழுந்துவிட்டாள். உட்கார்ந்து யோசிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. சாவியை ஓட்டைவாய் மேல் எறிந்தாள்.

"கொழுந்தனாரே, வண்டியை எடு. முதல்ல இன்டர்கூலர்னா என்னன்னு படிச்சுட்டு வரலாம்."

அண்ணனின் பார்ட்ஸ் கடை பளபளவென்று இருந்தது. ஒரு சுவர் முழுக்க நீலமும் சிவப்புமாக, குழாய்களை இணைக்கும் ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றிலும் அதை இறுக்கும் கிளாம்பையும் மாட்டியே தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர். திருகாணிகள் பின்பக்கம் மறைந்திருக்க, கம்பெனிப் பெயர் மட்டும் வரிசையாக வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால், ஷெட்டுக்குப் போகும் சின்னக் கதவை ஒட்டி, சலவைச் சட்டையில் நின்றார். தங்கையைப் பார்த்ததும் பாதி வழி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"எவ்வளவு பெரிய வக்கீலா இருந்தாலும் பரவாயில்லைம்மா. மாப்பிள்ளையை வெளிய கொண்டு வந்துடலாம்."

"வக்கீல் அப்புறம்" என்றாள் அண்ணி. "இந்த இன்டர்கூலரைப் பத்திச் சொல்லுங்க. எனக்கு உடைஞ்ச வண்டிதான் தெரியும், ஓடுற வண்டி தெரியாது."

"காருக்கு ஏசி மாதிரியா?" என்றான் ஓட்டைவாய். அவன் கை சும்மா இருக்காது. சுவரிலிருந்து ஒரு ஹோஸை எடுத்துக் கண்ணில் வைத்து அண்ணியைப் பார்த்தான்.

வியாபாரம் என்றதும் கடைக்காரருக்கு வாய் தானாக ஓடியது. "டர்போ என்ன பண்ணும்? காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். அமுக்கினா காத்து சூடாகும். சூடான காத்துல சத்துக் கம்மி. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இதை வெச்சா, காத்து குளிர்ந்து கெட்டியாப் போகும். வண்டி பிய்ச்சுக்கிட்டுப் பறக்கும். கம்பெனியில குடுக்கறது சின்னது. ஓனர் பெருசு கேட்டார். கடையிலேயே பெருசைக் குடுத்தேன்."

"பெருசுதான் நல்லதா?"

"பின்னே?"

"இவர் வேண்டாம்னாரே அண்ணா" என்றாள் தங்கை மெதுவாக. "இவ்வளவு பெருசுக்குள்ள காத்து நிரம்பறதுக்கே நேரம் ஆகும், மிதிச்ச உடனே வண்டி கிளம்பாது, ரேடியேட்டரையும் மறைக்கும், அளவானதா ஒண்ணு போதும்னு வீட்டுல புலம்பிட்டிருந்தார். வெச்சுப் பார்த்தேன், பம்பர் உட்காருது, ஆனா டர்போவுலேருந்து வர்ற ஹோஸை இன்னும் மாட்டலை, ஓனர் வரட்டும், பேசி மாத்திடலாம்னார்."

கடைக்காரர் முகம் சுருங்கியது. "மாப்பிள்ளைக்கு எப்பவும் நான் குடுக்கற சாமான் மேல ஒரு சந்தேகம். வாடிக்கைக்காரங்க முன்னாடியே சொல்லுவார். நானும் பொறுத்துட்டுத்தான் போறேன்."

ஓட்டைவாய் ஹோஸைச் சுவரில் திரும்ப மாட்டினான். தலைகீழாக மாட்டினான் போலிருக்கிறது. கடைக்காரர் பேச்சை நிறுத்தாமலே அவனைத் தாண்டிக் கையை நீட்டி, அதைத் திருப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தில் கையில் அடி வாங்கியவன்போல் ஓட்டைவாய் கையை இழுத்துக்கொண்டான்.

"ஹோஸை மாட்டலைன்னா கார் எப்படி ஓடிச்சு?" என்றாள் அண்ணி.

கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை.

"இப்பவே ஸ்டேஷனுக்குப் போகணும். கோர்ட் வண்டி கிளம்பறதுக்குள்ள."

"நானும் வரேன்" என்றார் கடைக்காரர். "தங்கச்சி அங்க தனியா நிக்கக் கூடாது."

வழியெல்லாம் சிக்னல் அவர்களுக்காகவே சிவப்பானது. ஓட்டைவாயின் கால் கிளட்சில் தாளம் போட்டது. பின் சீட்டில் அண்ணன் பக்கத்தில் தையல்காரப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் ஸ்டேஷனோ என்று பார்த்தாள். அண்ணி கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, பின் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அந்த மெக்கானிக் ஏன் ஒப்புத்துக்கறார்? ஜெயில்ல காத்து நல்லா வருமா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அதற்குமேல் கேட்க அவனுக்கும் மனம் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே கண்ணை வைத்தான்.

ஸ்டேஷன் வளாகத்தில், பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அந்தக் கார் நின்றது. ஒரு கண் போன முகம். உடைந்த கிரில்லுக்குப் பின்னால் வெள்ளிப் பலகைபோல் இன்டர்கூலர், ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை. நம்பர் பிளேட் இடது ஓரத்தில் கோணலாகத் தொங்கியது.

"வாங்க அண்ணி" என்றார் இன்ஸ்பெக்டர். சாப்பிட்ட கை இன்னும் ஈரமாக இருந்தது. "கேஸ் முடிஞ்சு போச்சு. ஆள் தானே ஒப்புத்துக்கறான். நீங்க எதுக்கு வெயில்ல?"

"ஒரே ஒரு ஹோஸை மட்டும் கழட்டிப் பார்த்துக்கறேன். உங்க ஆளை வெச்சுக்கிட்டே."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். வேண்டாம் என்றால் நாளைக்கும் வருவாள் என்பது அவருக்கு அனுபவம். ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களை ஒரு நீல ஹோஸ் இணைத்திருந்தது. மேலே கம்பெனிப் பெயர். கழற்றும் வேலை ஓட்டைவாய் தலையில் விழுந்தது. கிளாம்பின் திருகாணியைத் தேடினான். அது அடியில், இன்ஜினுக்கும் குழாய்க்கும் இடையிலான இடுக்கில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் போகவில்லை. கையை வளைத்து, முட்டியைத் தேய்த்து, வாய்க்குள் யாரையோ திட்டி, ஒருவழியாகத் தளர்த்தினான்.

"இதை மாட்டினவன் என் ஜன்ம விரோதி அண்ணி. தோல் போயிடுச்சு."

"மாட்டினவன் கழட்டறதைப் பத்தி யோசிக்கலை" என்றாள் அண்ணி. "சரி, இன்டர்கூலர் வாய்க்குள்ள கையை விடு."

"உள்ளே பாம்பு இருந்தா?"

"அதுக்குத்தான் உன்னை விடச் சொல்றேன்."

விட்டான். முகம் மாறியது. எதையோ பிடித்து இழுத்தான். வெளியே வந்தது ஒரு துணி. ஊதாப் பூப்போட்ட பருத்தித் துணி, எண்ணெயில் ஊறி, உருண்டையாக அமுங்கி. ஒரு பக்கத்தில் இன்டர்கூலரின் உள் தகடுகள் அச்சு அச்சாகக் கோடு போட்டிருந்தன. டர்போ அதைத் தன் பலம் முழுக்கக் கொண்டு தகட்டில் வைத்து அழுத்தியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கையைத் தட்டினார். "போதுமா அண்ணி? அவன் ஷெட் துணி. வேலை பார்க்கறப்போ தூசி விழாம இருக்கக் குழாயை அடைச்சிருக்கான், எடுக்க மறந்துட்டு ஓட்டியிருக்கான். வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கு, தடுமாறி இடிச்சிருக்கான். காரணம் தெரியலையேன்னு இருந்தேன், நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க!"

"ஐயோ மாப்பிள்ளை" என்று கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மறந்துட்டாரே!"

ஓட்டைவாய்க்குத் துணியைத் திரும்ப உள்ளே திணித்துவிடலாமா என்று இருந்தது. காப்பாற்ற வந்த இடத்தில், தன் கையாலேயே அந்த மனிதனுக்குக் கதவைச் சாத்திவிட்டோமே!

தையல்காரப் பெண் துணியை வாங்கிப் பிரித்தாள். ஒரு ஓரத்தைத் தடவினாள். அழப்போகிறாள் என்று ஓட்டைவாய் நினைத்தான். அவள் அழவில்லை. நிமிர்ந்தாள்.

"இதோட ஜோடி எங்க?"

"என்ன ஜோடி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் கடையில வெட்டின மிச்சத் துணியை இவருக்கு நான்தான் குடுப்பேன். எப்பவும் ரெண்டாக் கிழிச்சுத்தான் வாங்குவார். ஒண்ணைக் குழாய்க்குள்ள அடைப்பார். அதே துணியில இன்னொண்ணை ஸ்டியரிங்குல கட்டிடுவார். ஸ்டியரிங்குல துணி இருந்தா குழாய்லயும் துணி இருக்குன்னு அர்த்தம். இதை எடுக்காம அதை அவிழ்க்க மாட்டார். கல்யாணமான நாள்லேருந்து நான் கிழிச்சுக் குடுக்கறேன்."

அண்ணி காரை நோக்கி விரலை மட்டும் காட்டினாள். ஓட்டைவாய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தரையில் படுத்தேவிட்டான். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு, அப்புறம் அது. அதே ஊதாப் பூ. கசங்கி, நடுவில் நாலு விரல் கறுப்பாகத் துடைத்த தடம்.

"மாட்டி முடிச்சதும் கையைத் துடைச்சுக்கத் துணி தேடியிருக்கான்" என்றாள் அண்ணி. "கண் முன்னாடி ஸ்டியரிங்குல ஒண்ணு. அவிழ்த்தான், துடைச்சான், கீழே போட்டான். இன்ஸ்பெக்டர், மறக்கக் கூடாதுன்னு கட்டினவனே அதை அவிழ்த்துக் கையைத் துடைச்சுட்டுக் கிளம்புவானா? அந்தத் துணிக்கு அர்த்தம் தெரியாதவன்தான் இந்தக் காரை ஓட்டினது."

இன்ஸ்பெக்டர் இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிழிசல் கிழிசலோடு பொருந்தியது.

"அப்ப யாரு?"

"தெரியலையே" என்றாள் அண்ணி, சலிப்பாக. ஓட்டைவாய் திடுக்கிட்டான். தெரியவில்லை என்று அண்ணி சொல்லி அவன் கேட்டதே இல்லை. "சரி கொழுந்தனாரே, பிரிச்சதை மாட்டிடு. போலீஸ் சொத்து."

மாட்டப் போனவனின் கையிலிருந்து ஹோஸை வாங்கி, அவளே ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுத்தாள். பெயர் கீழே போயிற்று. திருகாணி மேலே வந்தது. ஸ்க்ரூ டிரைவர் அழகாக உட்கார்ந்தது. இப்படி மாட்டியிருந்தால் என் தோல் தப்பித்திருக்குமே என்று அவன் நினைத்துக்கொண்டே திருகப் போனான்.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. சலவைச் சட்டைக் கை. ஹோஸைப் பிடித்து, பெயர் மேலே வரும்படி, ஒரு திருப்புத் திருப்பி வைத்தது.

யாரும் அசையவில்லை. அந்தக் கை மட்டும் ஹோஸின் மேலேயே இருந்தது. தான் என்ன செய்தோம் என்பது கைக்குச் சொந்தக்காரருக்கு இன்னும் எட்டவில்லை.

"மெக்கானிக் திருகாணி எட்டற மாதிரி மாட்டுவான்" என்றாள் அண்ணி. "பேர் தெரியற மாதிரி மாட்டறது கடைக்காரங்க கை. ஷெட்டுக்குப் பின்கதவு உங்க கடைக்குள்ளதானே இருக்கு?"

கடைக்காரர் கையை எடுத்தார். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு எடுத்தேம்மா. பெருசு வெச்சா வண்டி எப்படிப் போகும்னு தெரிஞ்சுட்டா, ஓனர்கிட்ட மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல. ஒரு ஹோஸ்தானே, நானே மாட்டினேன். மிதிச்சேன். டர்போ மீட்டர் முள் ஏறவே மாட்டேங்குது. மறுபடி மிதிச்சேன். முள்ளையே பார்த்துட்டிருந்தேன்…" கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ரோட்டைப் பார்க்கலை."

"இவருக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"மறுநாள் வந்து காரைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. கால்ல விழுந்தேன். உங்க தங்கச்சிக்கு நீங்க ஒருத்தர்தான் மச்சான், இது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா, நான் பார்த்துக்கறேன்னுட்டார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்மா. சத்தமாச் சொல்லலை."

இருவருக்கும் நடுவில் அந்தக் கார் திறந்த வாயோடு நின்றது. ஓட்டைவாய் தரையைப் பார்த்தான். குற்றவாளியைப் பிடித்ததும் வருகிற குஷி இந்த முறை வரவில்லை. ஓடி எங்காவது போய்விடலாம் என்றிருந்தது.

"ஏன் நிக்கலை?" என்று கேட்டாள் தங்கை. "அந்தப் பொண்ணு விழுந்து கிடந்தாளே. ஏன் அண்ணா நிக்கலை?"

"பயந்துட்டேன். உன்னை இத்தனை வருஷம் தூக்கி வளர்த்தேனே, ஒரு தடவை பயந்துட்டேன்னு…"

"அவளையும் யாரோ தூக்கித்தான் வளர்த்திருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கடைக்காரர் தானாகவே படியேறி ஸ்டேஷனுக்குள் போனார். இன்ஸ்பெக்டர் அவருக்குப் பின்னால் போனார், கையைப் பிடிக்காமல்.

எழுத்து வேலை எல்லாம் முடிந்து மெக்கானிக்கை வெளியே விட்டபோது வெயில் தணிந்திருந்தது. தாடி மண்டிய முகத்தோடு படியிறங்கி வந்தவர், மனைவியைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. கோபமாக இருந்தார்.

"இவங்களை எதுக்குடி கூட்டிட்டு வந்தே? நான்தான் பேசி முடிச்சிருந்தேனே. உங்க அண்ணன்டி அவர்! அப்புறம் நீ தாங்குவியா?"

"தாங்குவேனா மாட்டேனான்னு என்கிட்ட கேட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்து, நான் யாரை விடணும்னு நீங்களே பேசி முடிச்சுட்டீங்க. அவர் ஓடினார், நீங்க மறைச்சீங்க. அந்த நர்ஸைப் பத்தி ஒருத்தராவது யோசிச்சீங்களா? எனக்கு அண்ணன் மேலயும் ஆத்திரம் வருது, உங்க மேலயும் வருது. உங்க மேலதான் ஜாஸ்தி."

அவள் அண்ணியிடம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு இருக்கற ஆஸ்பத்திரியில எங்களை இறக்கி விடுவீங்களா அண்ணி? அவங்க அம்மா வெளிய உட்கார்ந்திருப்பாங்க. எங்க அண்ணன்தான் பண்ணினார்னு போலீஸ் சொல்றதுக்கு முன்னாடி நான் போய்ச் சொல்லணும்."

"வாங்க" என்றாள் அண்ணி.

"நானும் வரேன்" என்றார் மெக்கானிக். "என்ன சொல்லணும்னு வழியில…"

"வாங்க. ஆனா பேசாம வாங்க. பேச வேண்டியப்போ பேசலையே, இப்பவும் பேச வேண்டாம்" என்றாள் மனைவி.

ஓட்டைவாய் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் முதலில் ஏறினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, கணவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.